மூன்று புள்ளித் தகடு

இந்த மேசையின் ஒரு கால் ஆடுகிறது, ஐயா. நீங்கள் எழுதும்போது பேனா இழுத்துக்கொண்டு போவதற்கு அதுதான் காரணம். அடியில் காகிதத்தை மடித்துச் செருகியிருக்கிறீர்கள். காகிதம் நாலு நாளில் நசுங்கிவிடும். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு வைத்தால் நீங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அசையாது. ஆனால் அந்த மாதிரி வேலையை எவனும் கவனிக்க மாட்டான். ஆடினால் திட்டுவார்கள். ஆடாமல் நின்றால் மேசையைத்தான் பாராட்டுவார்கள்.

நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம். கடைசியில் நானே படித்துப் பார்ப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். நீங்கள் கெட்டவர் என்று சொல்லவில்லை. எழுதத் தெரிந்தவர்களை நான் நம்புவதில்லை, அவ்வளவுதான்.

இருபத்தெட்டு வருடம் காகித ஆலையில் பாய்லர் ஃபிட்டராக இருந்தேன். மனைவி போன பிறகு தம்பி கூப்பிட்டான். "வாண்ணே, தனியா கெடந்து என்ன பண்ணப்போற, பின்பக்க ரூம் சும்மாதானே கெடக்கு" என்றான். போனேன். பதினாறு வருடம் அந்த அறையில் இருந்தேன். சும்மாவா கூப்பிட்டான் என்று நீங்களே யோசியுங்கள். அறையில் எனக்கு முன்பே இரும்பைக் கவ்விப் பிடிக்கிற ஒரு வைஸும் கடைகிற சின்ன லேத்தும் வந்து உட்கார்ந்திருந்தன.

தம்பி கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அவனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது: பொம்மை நீராவி இயந்திரங்கள். நூறு வருடத்துக்கு முன்னால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் விளையாடியவை. உள்ளங்கை அளவிலும் இருக்கும், முழங்கை நீளத்திலும் இருக்கும். பொம்மை என்று சொன்னாலும் உள்ளே நடப்பது நிஜம். சின்னச் செம்பு பாய்லர், அடியில் ஸ்பிரிட் விளக்கு, தண்ணீர் கொதித்தால் நீராவி போய்ச் சக்கரத்தைச் சுற்றும். சிலவற்றுக்குக் கோழிக்குஞ்சு மாதிரி ஒரு விசிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய இரும்புச் சந்தைக்குப் போவான். துருப்பிடித்து, நசுங்கி, பாதி காணாமல் போன எதையாவது துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து என் பெஞ்சில் வைப்பான்.

"அண்ணே, இது பொழைக்குமா?"

"செத்து ரொம்ப நாளாச்சு போலருக்கே" என்பேன்.

"நீ கை வச்சா எந்திரிச்சுரும்ணே."

நான் கை வைப்பேன். எழுந்துவிடும். அடுத்த வாரம் அது அவன் கண்ணாடி அலமாரியில் நிற்கும். அவன் வாங்கியது, அவன் கண்டுபிடித்தது, அவனுடையது.

வேலையில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. இதைக் கொஞ்சம் விவரமாக எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். எந்த பாய்லரையும் நெருப்பில் வைப்பதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரை முட்ட முட்ட நிரப்புவேன். கைப்பம்பால் அழுத்துவேன், அது ஓடும்போது தாங்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. பத்து நிமிடம் அப்படியே விடுவேன். எங்கும் வியர்க்காமல் நின்றால் ஆள் தேறிவிட்டான். தண்ணீரில் வெடித்தால் கை நனையும், அவ்வளவுதான். நீராவியில் வெடித்தால் கையே இருக்காது. தேறியதற்கு அடையாளமாகப் பஞ்ச் உளியால் மூன்று புள்ளி வைப்பேன். ஒன்று தகட்டுக்கு, ஒன்று பற்று வைத்து ஒட்டிய இடத்துக்கு, ஒன்று சேஃப்டி வால்வுக்கு. மூன்றையும் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். பாய்லர் தகடு மெல்லியது, அதில் குத்தினால் பலவீனம். அதனால் பாய்லர் உட்கார்ந்திருக்கும் பித்தளைக் காலில், அடிப்பக்கம் குத்துவேன். பின்பக்கக் காலில். எனக்குக் கையெழுத்துப் போட நேரமாகும். புள்ளி வைக்க மூன்று தட்டு போதும்.

அலமாரியில் பன்னிரண்டு இயந்திரங்கள் இருந்தன. பன்னிரண்டிலும் என் புள்ளி இருந்தது. யாரும் அடியில் குனிந்து பார்த்ததில்லை.

பன்னிரண்டாவதுதான் நீங்கள் துண்டு துண்டாகப் பொறுக்கி வந்தது. வரும்போது அதற்கு பாய்லரே இல்லை. சக்கரம், சிலிண்டர், மரப்பலகை, அவ்வளவுதான். பலகையில் பழைய கம்பெனியின் முத்திரை பாதி அழிந்து கிடந்தது. தம்பி அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிடுவான் போல நின்றான். நான் ஏழு மாதம் உட்கார்ந்து பாய்லர் செய்தேன். செம்புத் தகட்டைச் சூடாக்கி, உருட்டி, இரண்டு பக்கமும் மூடி அடித்து, வெள்ளிப் பற்று வைத்து மூடினேன். வால்வும் நானே கடைந்ததுதான். பழைய சாமான் என்று தோன்ற வேண்டும் என்பதற்காக ஆணித்தலையைக்கூட அந்தக் காலத்து ஆட்கள் அடிக்கிற மாதிரி அடித்தேன். ஒரு மழை நாளில் அவன் போட்டுக் கொடுத்த கோணல் பெஞ்சிலிருந்து அது உருண்டு விழுந்து ஒரு கால் விரிசல் விட்டது. அதற்கும் நான்தான் வேறு கால் வெட்டினேன். என் கண் அந்த இயந்திரத்தில்தான் போயிற்று. அதன் பிறகு சிவப்புக்கும் பழுப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைப் போன்ற பைத்தியங்கள் நாலைந்து பேர் வருவார்கள். பல் டாக்டர் ஒருவர், கடிகாரக் கடைக்காரர் ஒருவர், இன்னும் இரண்டு பேர். அவர்களுக்குள் ஒரு விதி: இயந்திரம் யாருடையதோ அவர்தான் விளக்கைப் பற்றவைக்க வேண்டும், முதல் விசில் வரும்வரை அதன் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டாவதை முதன்முதலாகப் பற்றவைத்தான். பட்டு மாதிரி ஓடியது.

"என்ன பெரியவரே, இது விசில் அடிக்குமா, இல்ல எங்க வீட்டுக்காரி மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு மட்டுந்தானா?" என்று கடிகாரக் கடைக்காரர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். விசில் அடித்தது.

பல் டாக்டர் பூதக்கண்ணாடியை எடுத்து பாய்லரை உற்றுப் பார்த்தார். அவருக்கு யார் வாயைப் பார்த்தாலும் எது கட்டின பல், எது முளைத்த பல் என்று தெரியுமாம்.

"வாத்தியாரே, பாய்லரும் ஒரிஜினலா?"

நான் சுவரோரம் டீ டம்ளரோடு நின்றிருந்தேன். தம்பி என் பக்கம் ஒரு முறை பார்த்தான். பிறகு சொன்னான்: "எல்லாமே ஒரிஜினல்தான் டாக்டர். அப்படியே இருந்துச்சு. அண்ணன் சும்மா தொடச்சுக் குடுத்தாரு."

சும்மா துடைத்துக் கொடுத்தாராம்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். சாயங்காலம் அவனே என் அறைக்கு வந்து வாசலில் நின்றான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிட்டியா? அந்த ஆளு போன மாசம் என்னைப் பத்தி எளக்காரமா பேசினான், அதான் வாயில வந்துடுச்சு. அடுத்த தடவ நானே சொல்லிடறேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல போடா" என்றேன்.

"நெஜமாவா?"

"தூக்கம் வருது. கதவச் சாத்திட்டுப் போ."

நான் ஒன்றுமில்லை என்றால் அவன் நம்பிக்கொள்வான். படித்தவன் அப்படித்தான். மறுநாள் அவன் வெளியே போன பிறகு அலமாரியைத் திறந்து பன்னிரண்டாவதைக் கவிழ்த்துப் பார்த்தேன். பின்பக்கக் காலில் புள்ளி இல்லை. விளக்கைக் கொண்டுவந்து பார்த்தேன். விரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது. மற்ற பதினொன்றையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். எல்லாவற்றிலும் மூன்று புள்ளி இருந்தது. இருப்பதிலேயே நல்லதைப் பொறுக்கி, அதிலிருந்து மட்டும் என்னை அரத்தால் ராவி எடுத்திருக்கிறான். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். எதைக் கேட்பது? கேட்டால் இல்லை என்பான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லும் பழக்கம் உண்டு. ஒன்று சொல்கிறேன். அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினைந்து. நான் லேத் பட்டறையில் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் ஒரு நாள் மருந்துச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்து சிரித்தான். ஒரு அறை விட்டேன். அவனுடைய வலது காது அன்றோடு போயிற்று. அம்மா கேட்டதற்குக் காய்ச்சலில் அடைத்துக்கொண்டது என்று சொன்னான். டாக்டரிடமும் அதையே சொன்னான். கட்டிக்கொண்டவளிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறான். ஐம்பத்தெட்டு வருடம் ஒரே பொய்யை வாய் கூசாமல் சொன்னவன் என்னிடம் மட்டும் உண்மை பேசுவானா?

ஐந்து மாதம் ஒன்றும் பேசாமல் இருந்தேன். சாப்பாட்டுக்கு அழைத்தால் போனேன். உப்புக் குறைவு என்றால் சொன்னேன். வந்த சாமான்களைச் சரிசெய்து கொடுத்தேன். ஆனால் வைஸில் எதைக் கடித்துப் பிடித்தாலும் அந்த வார்த்தை காதில் கேட்டது. தொடச்சுக் குடுத்தாரு. அரம் போடும்போது அதே தாளத்தில் வரும். அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன் என்றானே, சொல்லவில்லை. அந்த மாதம் பல் டாக்டர் வரவில்லை என்றான். அதற்கடுத்த மாதம் இவனுக்குக் காய்ச்சல். காரணம் சொல்வதற்கு அவனுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டாவதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

"ஞாயித்துக்கெழம இதை ஓட்டறேன்ணே. எல்லாரும் வர்றாங்க. பல் டாக்டரும் வர்றாரு. ஒரு தடவ பாத்துடேன்."

"வால்வ நீ பாக்கலியா?"

"நீ பாத்தா நான் எதுக்குப் பாக்கணும்?"

சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பு ஒன்பது வயதில் சிரித்த அதே சிரிப்புத்தான்.

தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்தேன். தேறியது. நல்ல பாய்லர், ஐயா. பிறகு வால்வைக் கழற்றினேன். அதற்குள் ஒரு சுருள்வில்லும் ஒரு குண்டும்தான் இருக்கும். நீராவி அளவுக்கு மேல் போனால் குண்டைத் தூக்கிக்கொண்டு சீறும். இந்தப் பழைய பொம்மைகளில் அழுத்தம் காட்டும் முள் கிடையாது. அந்தச் சீறல்தான் எல்லாமும். சீறினால் போதும், விளக்கை இழுத்துவிடலாம். தகரப் பெட்டியில் கை விட்டு ஒரு பித்தளைத் துண்டை எடுத்தேன். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தகடு வெட்டி, வில்லுக்கு மேலே வைத்து மூடினேன். வில் அமுங்குவதற்கு இடமில்லாமல் போயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் செய்தால் தெரியாது.

என்ன ஆகும் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். ஆலையில் பாய்லருக்கு நெருப்புப் போடுகிறவன் ஒருவன் வால்வைக் கம்பியால் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். அவனைக் கூடையில் அள்ளிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். எனக்குத் தெரியும். பன்னிரண்டாவதில் முன்பக்க மூடிதான் முதலில் போகும் என்றும் தெரியும். செம்பு போதாமல் அந்த மூடியைக் கொஞ்சம் மெல்லிசாக அடித்திருந்தேன். ஓடுவதற்கு அது தாராளம். இதற்கு அல்ல.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். மேசையில் இயந்திரத்தை வைத்தது நான். முன்பக்கம் தம்பியின் நாற்காலியைப் பார்த்து இருக்கும்படி வைத்தேன். மற்றவர்களை ஜன்னல் பக்கம் நிற்கச் சொன்னேன், வெளிச்சம் மறைக்கிறது என்று. இதை நீங்கள் மறக்காமல் எழுத வேண்டும். கடிகாரக் கடைக்காரருக்குக் கண் போயிற்று என்பது உண்மை. அவர் சொன்ன இடத்தில் நிற்காமல் எட்டிப் பார்த்தார். அது என் கணக்கில் வராது.

தம்பி மனைவி டீத் தட்டோடு வந்தாள். அவளை நான் சமையலறை வாசலிலேயே நிறுத்தினேன்.

"நீ உள்ளயே இரும்மா. டீ அப்புறம் கொண்டாரலாம்."

"என்ன அத்தான், என்னிக்கும் இல்லாத அதிசயமா டீய வேண்டாங்கறீங்க?"

"சொன்னா கேளு. சத்தமா இருக்கும்."

அவள் உள்ளே போனாள். அவள் உயிரோடு இருக்கிறாள் என்றால் அதற்கு நான்தான் காரணம். இதுவரை யாரும் அதைச் சொல்லவில்லை.

தம்பி விளக்கைப் பற்றவைத்தான். விதிப்படி பக்கத்தை விட்டு நகரவில்லை. ஏழாவது நிமிடத்தில் சக்கரத்தைத் தட்டிவிடுவதற்கு முன்னால் வால்வு சீற வேண்டும். சீறவில்லை. வலது காது கேட்காதவன் என்பதால் எப்போதும் இடது காதைப் பாய்லர் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் கேட்பான். அன்றும் குனிந்தான். நான் இரும்பு அலமாரிக்குப் பின்னால் நகர்ந்தேன்.

குனிந்தபடியே பேச ஆரம்பித்தான். "டாக்டர், அன்னிக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்கல்ல, பாய்லர் ஒரிஜினலான்னு. அதப் பத்தி ஒரு விஷயம்..."

அவ்வளவுதான் பேசினான். அவன் என்ன சொல்ல வந்தான் என்று பல் டாக்டர் உங்களிடம் பெரிய கதை சொல்லியிருப்பார். மறுபடியும் ஒரிஜினல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருப்பான். எனக்கு அவனைத் தெரியும்.

பிறகு எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒரே தம்பி, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தீர்களே என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பின்னறையிலேயே கிடந்து செத்திருப்பேன். நானாக ஏன் வந்தேன் என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள்.

நீங்கள்தான் காரணம். நேற்று வீட்டுக்கு வந்து, கூரையில் குத்தி நின்ற வால்வைத் திறந்து உள்ளிருந்த தகட்டை எடுத்தீர்களே. எடுத்துவிட்டு உங்கள் ஆளிடம் என்ன சொன்னீர்கள்? "அந்த வாத்தியாருதான் வால்வுல ஏதோ கை வேலை பண்ணிருக்காருய்யா. நல்லா நேக்காத்தான் பண்ணிருக்காரு, பாவம், விவரம் தெரியாம உயிர விட்டுட்டாரு." நான் சுவரோரம்தான் நின்றிருந்தேன். என் காது இரண்டும் நன்றாகக் கேட்கும்.

ஒரு திருகாணியைக்கூட நேராக முடுக்கத் தெரியாதவன் அவன். அந்தத் தகட்டின் விளிம்பைப் பாருங்கள், எங்காவது பிசிறு இருக்கிறதா? அதையும் அவன் பெயரில் எழுதப் பார்த்தீர்கள்.

இதோ, இந்தக் காகித உறைக்குள் இருக்கிறதே, அதுதான். அதில் இருக்கும் மூன்று புள்ளி என்ன என்று கேட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை தகரப் பெட்டியில் கை விட்டபோது சிக்கியது ஒரு பித்தளைக் கால். விரிசல் விட்டது என்று மழை நாளில் நான் மாற்றினேனே, அந்தப் பழைய கால். பின்பக்கக் கால். அடியில் மூன்று புள்ளி இருந்தது. புதிய காலை மாட்டிய அன்று புள்ளி வைக்க நான்தான் மறந்திருக்கிறேன். அவன் எதையும் ராவவில்லை.

கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் அவன் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். ஐந்து மாதக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, ஐயா? வால்வு திறந்து கிடந்தது. துண்டு சரியான கனத்தில் இருந்தது. புள்ளி மூன்றும் நடுவில் வருகிற மாதிரி பார்த்துத்தான் வெட்டினேன்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் கோபக்காரன் இல்லை. நீங்கள் எழுதியதை இப்படிக் கொடுங்கள், எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் யாரும் சிரிக்கக் கூடாது. அந்தத் தகட்டைப் பத்திரமாக வையுங்கள். கோர்ட்டில் பல் டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். இதையாவது யாரும் ஒரிஜினல் என்று சொல்ல முடியாது.